டிம் இல்லாத கார்

குருமார்களுக்குப் பொறுமை அதிகம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். கொல்லிமலை அடிவாரத்தில் கஞ்சி மடம் நடத்திய மங்கையம்மாவை அவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது.

மங்கையம்மாவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. மடத்தை நடத்திவந்த பெரியவர் கண்ணை மூடுவதற்கு முன்னால், சுற்றி உட்கார்ந்திருந்த சீடர்களையெல்லாம் விட்டுவிட்டு, அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த இவரைக் கூப்பிட்டு, இனிமேல் நீதான் என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஏன் என்று கேட்க அவகாசம் கொடுக்கவில்லை. அந்தக் கோபம் மங்கையம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை.

காலையில் வருகிறவர்களுக்கெல்லாம் கஞ்சி. சாயங்காலம் முற்றத்தில் எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு யாருக்காவது கேள்வி இருந்தால் கேட்கலாம். மடம் என்றால் இவ்வளவுதான். கேள்வி கேட்கிறவர்கள் அதிகம் இல்லை. தினமும் கேட்பவர் ஒரே ஒருவர். மங்கையம்மா பாதி நாள் அடுப்படியை விட்டு வெளியே வராமலிருந்ததற்குக் காரணம் அவர்தான்.

அவர் பெயர் அர்த்தநாரி. சர்க்கரை ஆலையில் கருவிகள் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குருவைவிடச் சீடருக்கு வயது ஒரு மாமாங்கத்துக்கும் மேல் அதிகம். அதனால் அவர் இவரை அம்மா என்பார், இவர் அவரை ஐயா என்பார். சேந்தமங்கலத்தில் சொந்த வீடு, பழைய கார் ஒன்று. குடி, சீட்டு எதுவும் கிடையாது. பொய் சொல்லத் தெரியாது. மனதில் பட்டதை, பட்ட இடத்திலேயே, யார் இருக்கிறார்கள் எவர் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் போட்டு உடைத்துவிடுவார்.

அப்படித்தான் ராசிபுரத்தில் மச்சினன் செங்கோடன் புது வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்றைக்கு நடந்தது. பந்தி நடந்துகொண்டிருந்தது. வீடு எப்படி இருக்கிறது மாமா என்று செங்கோடன் மரியாதைக்குக் கேட்டான். அர்த்தநாரி சொல்ல ஆரம்பித்தார். படிக்கட்டு பாதிக் கூடத்தைத் தின்றுவிட்டது. சமையலறையில் காற்று வர வழியில்லை. கட்டிக்கொடுத்த ஆள் உன்னை நன்றாக ஏமாற்றிவிட்டான். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பூங்கோதை அவர் தொடையில் கிள்ளினார். அர்த்தநாரி திரும்பி, பந்தி முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டார்.

"எதுக்கு இப்பக் கிள்றே? போன வாரம் பாத்துட்டுத் திரும்பி வர்றப்ப, குடோன் மாதிரி கட்டி வெச்சிருக்கான்னு கார்ல நீதானே சொன்னே?"

பாயசம் பரிமாறிக்கொண்டு வந்த செங்கோடனின் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். பூங்கோதை பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினார். அன்று சாயங்காலம் அர்த்தநாரி காரைக் கிளப்பிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தபோது, நீங்க போங்க என்று உள்ளேயிருந்தே சொல்லிவிட்டார். ஆடி போய் ஆவணியும் பாதி போய்விட்டது. பூங்கோதை வரவில்லை.

அதிலிருந்து அர்த்தநாரிக்கு ஒரே கேள்விதான்.

"குடோன் மாதிரின்னு அவ சொன்னாளா இல்லீங்களா? சொன்னா. அப்ப நான் சொன்னது உண்மைதானுங்க. உண்மையைச் சொன்னதுக்கு எதுக்குங்கம்மா கோவம்?"

மங்கையம்மா முதலில் ஒரு கதை சொல்லிப் பார்த்தார். ஒரு வைத்தியர் சந்தை நடுவில் நின்றுகொண்டு, கூடையும் கையுமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதரைப் பார்த்து, உமக்கு மூலம் முற்றிவிட்டது ஐயா என்று உரக்கச் சொன்ன கதை. அர்த்தநாரி கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, வைத்தியர் நோயைச் சரியாகத்தானே சொன்னார் என்று கேட்டார். ஆமாம், சரியாகத்தான் சொன்னார் என்று மங்கையம்மா ஒப்புக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. அர்த்தநாரி திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

கதை எடுபடவில்லை என்றதும் மறுநாள் மங்கையம்மா வேறு வழி பார்த்தார். கொதிக்கிற பானையிலிருந்து நேராக ஒரு டம்ளர் கஞ்சி மொண்டு நீட்டி, குடியுங்கள் என்றார். அர்த்தநாரி துண்டால் டம்ளரைப் பிடித்து, ஊதி ஊதி ஆற வைத்து, நிதானமாகக் குடித்தார். ஏன் உடனே குடிக்கவில்லை என்று மங்கையம்மா கேட்டார். சூடாக இருந்தது என்றார் அவர். சூடாக இருந்தால் என்ன, கஞ்சி நல்ல கஞ்சிதானே என்று கேட்டுவிட்டு, மங்கையம்மா நம்பிக்கையோடு அவர் முகத்தைப் பார்த்தார். அர்த்தநாரி கொஞ்ச நேரம் யோசித்தார். டம்ளர் வாய் குறுகல், அதனால்தான் ஆறுவதற்கு நேரமாகிறது என்றார். அடுத்த நாள் வாயகன்ற டம்ளர்கள் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வந்து மடத்துக்குக் கொடுத்தார்.

அன்றைக்கு மங்கையம்மா பெரியவர் படத்தின் முன்னால் நின்று வெகுநேரம் முறைத்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் கதையும் சொல்லவில்லை, கஞ்சியும் நீட்டவில்லை.

அர்த்தநாரியும் சில நாட்கள் கேள்வி கேட்கவில்லை. அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது.

பூங்கோதைக்கு ராத்திரியில் காரில் போவதென்றால் பயம். இவருக்குக் கண் முன்னைப் போல இல்லை, காரின் விளக்கோ மஞ்சளாக மினுக்கிக்கொண்டிருக்கும். இருட்டுகிறதுக்குள் வீடு போய்ச் சேரலாம் என்று எங்கே போனாலும் அரிப்பார். அர்த்தநாரி அதை மறக்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை ராசிபுரத்துக்குப் போய் அவரை அழைத்து வருவதென்று முடிவு செய்திருந்தார். அதற்குள் காருக்கு எல்.இ.டி. விளக்கு மாட்டிவிட வேண்டும். பகல் மாதிரி வெளிச்சத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பயமும் போகும், கோபமும் போகும் என்று மங்கையம்மாவிடம் சொன்னார். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மங்கையம்மாவுக்கு அன்று அவர் மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. அது இரண்டு நாள் தாங்கியது.

நாமக்கல்லில் தடுக்கி விழுந்தால் லாரிப் பட்டறை, வண்டிக்கு எலக்ட்ரீஷியன் கடை. அங்கே கொடுத்து மாட்டிக்கொண்டு வந்திருக்கலாம். தன் வயரில் இன்னொருவன் கை வைப்பதா என்று அர்த்தநாரி ஒற்றைக் காலில் நின்றார். ஆன்லைனில் விளக்கு வரவழைத்து, வீட்டு போர்டிகோவில் காரை நிறுத்தி, செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே மாட்டினார். முன்பெல்லாம் இந்த மாதிரி வேலைகளுக்கு டார்ச் பிடிக்கப் பூங்கோதை இருப்பார். இப்போது டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை பார்த்தார். தாடை வலிக்கிறது என்று அதையும் மங்கையம்மாவிடம் வந்து சொன்னார்.

சாயங்காலம் தவறாமல் வயர் கதைதான். மற்றவர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போதே அவர் வாய் முணுமுணுக்கும். பல்புக்குப் பின்னால் சின்னதாக ஒரு ஃபேன் இருக்கிறது, அதனால் பின்பக்கத்து ரப்பர் மூடி சேரவில்லை, அறுத்துவிட்டேன். இடப்பக்கத்து விளக்கு விட்டுவிட்டு எரிந்தது, பேட்டரியிலிருந்தே தடித்த வயராக நேராக இழுத்துவிட்டேன். விளக்கைப் போட்டால் ரேடியோ கத்தியது, ரேடியோவைக் கழற்றிவிட்டேன். ஃபியூஸ் போனது. பெரியது போட்டேன். அதுவும் போனது. அதைவிடப் பெரியது போட்டேன். விளக்குக் கண்ணாடி நடுவில், எதிரே வருகிறவனுக்குக் கண் கூசும் என்று எப்போதோ செக்போஸ்ட்டில் ஒட்டிவிட்ட கறுப்பு ஸ்டிக்கர் இருந்தது, பிளேடு வைத்துச் சுரண்டி எடுத்துவிட்டேன்.

மங்கையம்மாவுக்கு வயரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. உம், உம் என்று சொல்லிக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆனால் கடைசியாக அவர் சொன்னதைக் கேட்டுக் கை நின்றது.

"டிம்முக்குத் தனியா, பிரைட்டுக்குத் தனியா ரெண்டு வயர் வருதுங்க. ரெண்டையும் சேத்து முறுக்கி டேப் சுத்திப்போட்டேன். இப்ப எந்நேரமும் எல்லாமே எரியும். கைப்பிடியை முன்னால தள்ளுனாலும் சரி, பின்னால இழுத்தாலும் சரி, ஒரே வெளிச்சம்தான்."

"எதிர்ல வண்டி வந்தா டிம் பண்ண வேண்டாமா ஐயா?"

"எதுக்குங்கம்மா டிம் பண்றது? வெளிச்சம் நல்லதுதானுங்களே."

மங்கையம்மா வாயைத் திறந்தார். ஒரு டம்ளர் பெட்டி நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டார்.

முதல் நாள் ராத்திரி ரோட்டில் எதிரே வந்த வண்டிகளெல்லாம் விளக்கை அடித்து அடித்துக் காட்டின. டிம் பண்ணு என்று சொல்ல அந்தப் பக்கத்து டிரைவர்களுக்கு அதுதான் பாஷை, அது அர்த்தநாரிக்கும் தெரியாததல்ல. ஆனால் அன்று அவர் தன் விளக்கைப் பாராட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஹாரன் அடித்துச் சிரித்துக்கொண்டே போனார். இரண்டாம் நாள் ஒரு பஸ் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி அவர் பரம்பரையை இழுத்தார். மூன்றாம் நாள் பைக்கில் வந்த ஒருவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, நடந்து வந்து பேனட்டில் தட்டிவிட்டுப் போனார். இந்த ஜில்லாவில் ஒருவனுக்கும் மரியாதை தெரியவில்லை என்று அர்த்தநாரி மடத்துக்கு வந்து குமைந்தார். ஒருவன் நல்லது செய்தால் பொறுக்காத ஜனங்கள் என்றார்.

புதன்கிழமை அவர் வந்தபோது காரின் இடப்பக்கம் முழுக்கச் சேறு. வேட்டியிலும் சேறு. காளப்பநாயக்கன்பட்டி தாண்டி ஒரு முட்டை லாரி நேராக இவர் மேலேயே வந்திருக்கிறது. ஸ்டியரிங்கை ஒடித்து வயலுக்குள் இறக்கித்தான் தப்பித்திருக்கிறார். பயத்தை விடக் கோபம்தான் அதிகமாக இருந்தது.

"அத்தனை வெளிச்சம் போட்டுக்கிட்டு வர்றேன். என் வண்டி எப்படிங்கம்மா அவனுக்குத் தெரியாம போகும்?"

கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். மங்கையம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"அந்த டிரைவரையே கேட்டிருக்கலாமே."

"கேட்டேனுங்க. கண்ணைக் கசக்கிக்கிட்டே கண்டபடி பேசுறான். படிக்காத பய."

மங்கையம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அடுப்படியில் பாத்திரங்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சத்தம் போட்டன.

வியாழக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில், ராசிபுரம் பஸ்ஸில் வந்து இறங்கிப் பின்வாசல் வழியாகப் பூங்கோதை வந்தார். மடத்துக்குப் புதியவர் அல்ல. கணவர் முற்றத்தில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் இவர் அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருப்பார். இன்றைக்கும் வந்ததும் அரிவாள்மனையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நறுக்கிக்கொண்டே சொன்னார். ராசிபுரத்தில் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். தம்பி வீட்டு மாடியில் ஒரு அறை ஒழித்துக் கொடுத்திருக்கிறான். நாளைக் காலையில் டெம்போ வைத்துக்கொண்டு வந்து, சேந்தமங்கலத்து வீட்டிலிருந்து தையல் மிஷினையும் துணிமணியையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். திரும்பி வருகிற எண்ணம் இல்லை. அம்மாவிடம் சொல்லாமல் செய்ய மனசு வரவில்லை, அதனால் வந்தேன் என்றார்.

நாளைக்கு அவர் உங்களை அழைக்க வருவதாக இருக்கிறாரே என்று மங்கையம்மா சொன்னார்.

"வந்து என்னங்கம்மா சொல்லப்போறாரு? நீதானே சொன்னே, நீதானே சொன்னேன்னு ஆரம்பிப்பாரு. முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. எதிர்ல நின்னு நான் அழுதாக்கூட, பேசி முடிச்ச அப்பறம்தான் அவருக்குத் தெரியும். குடோன்னு நான் அவரை நம்பித்தானே சொன்னேன். வேற யாருகிட்டச் சொல்றது நான்?"

கத்தரிக்காயை நறுக்கிய கை நிற்கவில்லை. குரல் மட்டும் உடைந்தது.

மங்கையம்மாவிடம் ஆறுதல் எதுவும் இல்லை. இந்த மனிதரோடு சாயங்காலங்களைக் கழித்தே தனக்குத் தலை வெடிக்கிறது, இவர் முப்பது வருஷம் எப்படிக் கழித்தார் என்றுதான் தோன்றியது. போய்விடுங்கள், அதுதான் சரி என்று சொல்வதற்கு வாயெடுத்தார்.

அந்த நேரம் பார்த்து அடுப்படி முழுக்க வெள்ளையாகிவிட்டது. சுவரில் தொங்கிய கரண்டிகளின் நிழல் ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு விழுந்தது. கூண்டுக்குள் அடைந்திருந்த சேவல் விடிந்துவிட்டதென்று நினைத்து ஒரு கூவல் போட்டது. எல்லோரும் எழுந்து போயிருந்த முற்றத்துக்குள் அர்த்தநாரியின் கார் வந்து நின்றது.

விளக்கு அணைந்தது. அம்மா, அம்மா என்று வெளியிலிருந்து குரல். மங்கையம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே போனார். இன்றைக்கு வேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பிவிடத்தான் போனார். அவரைச் சொல்ல விட்டால்தானே. நாளைக்கு ராசிபுரம் போகிறேன், அதற்கு முன் இரண்டு விளக்கும் ஒரே உயரத்தில் அடிக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும், தனியாக முடியாது, நீங்கள் உள்ளே உட்கார்ந்து போடுங்கள், நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். எதைத் திருக வேண்டும் என்று காட்டினார். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டை நோக்கி வேகமாக நடந்தார்.

மங்கையம்மா அந்த இருக்கையில் உட்கார்ந்தபடி திரும்பிப் பார்த்தார். அடுப்படி வாசலில் பூங்கோதை நின்றுகொண்டிருந்தார். மங்கையம்மா வாங்க என்று கையால் கூப்பிட்டார். ஏன் கூப்பிட்டார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அந்த ஆளை இன்னொரு நாள் தனியாகச் சமாளிக்கத் தெம்பில்லை, அவ்வளவுதான். பூங்கோதை சத்தமில்லாமல் வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"இப்பப் போடுங்கம்மா" என்று கேட்டுக்கருகிலிருந்து குரல் வந்தது.

மங்கையம்மா திருகினார்.

கேட், மதில், மதிலுக்கு அந்தப் பக்கத்துத் தென்னை, நடுவில் பக்கவாட்டில் திரும்பி நின்ற அர்த்தநாரி, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அவர் சட்டையில் ஒரு பொத்தான் இல்லாதது தெரிந்தது. கன்னத்தில் இரண்டு நாள் தாடி தெரிந்தது. ஆள் இளைத்திருந்தார். பூங்கோதை அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அர்த்தநாரி முதலில் மதிலில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு இரண்டு விளக்கும் சமமாக இருக்கிறதா என்று காரின் பக்கம் திரும்பினார். திரும்பிய வேகத்தில் முழங்கையைக் கண்ணுக்குக் குறுக்கே போட்டுக்கொண்டார்.

"நல்லா இருக்குதுங்களா ஐயா?" என்று மங்கையம்மா ஜன்னல் வழியே கேட்டார்.

"நல்லா... இருக்குதுங்க."

"நாளைக்குப் பூங்கோதைகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

அர்த்தநாரி தயாராகத்தான் இருந்தார். பல நாளாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தது. வந்து சொல்கிறேன் என்று காரை நோக்கி ஒரு அடி வைத்தார். அங்கேயே நின்று சொல்லுங்கள், நான்தான் பூங்கோதை என்று நினைத்துக்கொண்டு சொல்லுங்கள் என்றார் மங்கையம்மா. குரலில் எரிச்சல் தெரிந்ததால் அவர் நின்றுவிட்டார்.

முழங்கையைக் கண்ணிலிருந்து எடுக்காமலே ஆரம்பித்தார். குடோன் என்று சொன்னது நீ. நான் இட்டுக் கட்டவில்லை. செங்கோடன் கேட்டான், நான் சொன்னேன். கேட்காமல் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். கல்யாணமான நாளிலிருந்து உன்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை. உங்கள் வீட்டில் ஒருவருக்கும் உள்ளதைச் சொன்னால் பிடிக்காது. பூங்கோதை முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார். கண்ணிலிருந்து நீர் இறங்கியது. மங்கையம்மா அவரையும் பார்த்தார், எதிரே நின்றவரையும் பார்த்தார்.

"ராத்திரி ரோடுன்னா உனக்குப் பயம். அதுக்குத்தான் இந்த லைட்டே மாட்டுனேன். டார்ச் புடிக்க ஆளில்லாம, பல்லுல கடிச்சுக்கிட்டு மாட்டுனேன். அதைக்கூட நீ..."

அங்கே அவருக்குத் தடுமாறியது. முழங்கைக்குக் கீழே கன்னத்தில் நீர் வடிந்தது. வெளிச்சத்தில் கண் கூசி வந்ததா, வேறு எதனாலாவதா என்று சொல்ல முடியாது. முழங்கையைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தார், உடனே மறுபடி ஏற்றிக்கொண்டார்.

"அம்மா, கேக்குறீங்களா?"

காரிலிருந்து பதில் வரவில்லை.

"ஏதாச்சும் சொல்லுங்கம்மா. சிரிக்கிறீங்களா, கோவமா இருக்கீங்களா, இங்கிருந்து பாத்தா ஒண்ணுமே தெரியலைங்க. கொஞ்சம் டிம் பண்ணுங்க."

"எதுலங்க ஐயா பண்ணணும்?"

"அந்தக் கைப்பிடியைப் பின்னால..." என்று ஆரம்பித்த அர்த்தநாரி நிறுத்திக்கொண்டார்.

மங்கையம்மா நிஜமாகவே முயன்று பார்த்தார். கைப்பிடியைப் பின்னால் இழுத்தார். முன்னால் தள்ளினார். வெளிச்சம் அப்படியே இருந்தது.

"வர்லைங்களே."

"வராதுங்கம்மா. அணைச்சுடுங்க அப்போ."

"பேசி முடிங்க. அப்பறம் அணைக்குறேன்."

அர்த்தநாரிக்குப் பொறுமை போய்விட்டது. குருவிடம் அவர் அதுவரை குரல் உயர்த்தியதில்லை.

"எதிர்ல இருக்குறவங்க மூஞ்சி தெரியாம எப்படிங்கம்மா பேசுறது?"

சொல்லிவிட்டு நின்றார். முழங்கை முகத்தின் மேலேயே இருந்தது. பல்புக்குப் பின்னால் இருந்த சின்ன ஃபேன்கள் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பூங்கோதை கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். மங்கையம்மா விளக்கை அணைத்தார்.

முற்றம் இருட்டாகிவிட்டது. செருப்புச் சத்தம் மண்ணில் நடந்து அர்த்தநாரியின் பக்கம் வந்து, கொஞ்ச தூரத்தில் நின்றது. அர்த்தநாரி கையை இறக்கிவிட்டுக் கண்ணை அகல விரித்துப் பார்த்தார்.

"அம்மா?"

"நான்தான்" என்றார் பூங்கோதை.

அர்த்தநாரி குரல் வந்த பக்கம் திரும்பினார். சரியாகத் திரும்பவில்லை. அவர் பார்த்த இடத்தில் மதில்தான் இருந்தது.

"எப்ப வந்தே?"

"நீங்க கேட்டுக்கு நடந்து போனப்பவே ஏறி உக்காந்துட்டேன்."

"அப்ப எல்லாத்தையும்..."

"கேட்டேன்."

அர்த்தநாரியின் வாய் திறந்தது. சொல்லாமல் மிச்சம் வைத்திருந்தவை வரிசையாக நின்றுகொண்டிருந்தன. நாளைக் காலை டெம்போ வரப்போவது அவருக்குத் தெரியாது. ஆனாலும் எதுவோ கைநழுவிப் போய்க்கொண்டிருக்கிறது என்பது அவருக்கே தெரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு, குரு இருப்பார் என்று தோன்றிய திசைக்குத் திரும்பினார்.

"அம்மா, நான் இப்ப இவகிட்ட என்னங்க சொல்லட்டும்?"

மங்கையம்மா காரிலிருந்து இறங்கினார். கதவை ஓங்கிச் சாத்தினார்.

"அவங்க முகம் தெரியுதுங்களா ஐயா?"

"இல்லீங்கம்மா. கண்ணுக்குள்ள பச்சைப் பச்சையா வட்டம்தான் தெரியுது."

"முகம் தெரியிற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க."